மூன்றரை வயது மகளுக்குத் தினமும் ஒரு புதுக் கைவேலை கொடுக்கிறேன். ஐந்தே நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறாள். என்ன செய்யலாம்?

தினமும் புதிதாகக் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒரு பொருளை எடுத்தால் இரண்டு வாரம் அதையே வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதில் ஒன்றே ஒன்றை மாற்றினால் போதும். புதுப் பொருள் கையில் வந்ததும் குழந்தை அது எப்படிப்பட்டது என்றுதான் பார்க்கும். அமுக்கினால் குழிகிறதா, பிய்கிறதா, விரலில் ஒட்டுகிறதா? இதெல்லாம் பழகி, அதை வைத்து எதையாவது செய்யலாமே என்று தோன்றுவதற்கு மூன்று நான்கு நாளாவது ஆகும். அதற்குள் பொருளை மாற்றிவிட்டால் ஒவ்வொரு நாளும் அவளுக்கு முதல் நாளாகவே முடிந்துபோகும்.

ஐந்து நிமிடம் என்பது அந்த வயதுக்குக் குறைவும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளை எழுந்து போகும், சுற்றிவிட்டுத் திரும்பி வரும். எழுந்தவுடன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடாமல் ஒரு அரை மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். தூங்கி எழுந்து வயிறும் நிறைந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் எந்தப் பொருளும் எடுபடாது.

ஒரே பொருளில் ஆரம்பிப்பதென்றால் விளையாட்டு மாவுதான் என் தேர்வு. மைதா 1 கப், பொடி உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன். சாறு சேர்ப்பதால் தண்ணீரில் 2 டேபிள்ஸ்பூன் குறைத்துக்கொள்ளுங்கள். சாற்றுக்குப் பதில் டார்டார் கிரீம் (கேக் செய்யச் சேர்க்கும் வெள்ளைப் புளிப்புப் பொடி) இருந்தால் 2 டீஸ்பூன் போடலாம், அப்போது தண்ணீர் முழு அளவு. எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே கட்டியில்லாமல் கரைத்துவிடுங்கள். பிறகு சிறு தீயில் கைவிடாமல் கிளறினால் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் கலவை பாத்திரத்தின் ஓரத்தை விட்டுவிட்டு ஒரே உருண்டையாகத் திரண்டுவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நன்றாக அடித்துப் பிசையுங்கள். நிறம் வேண்டுமென்றால் உணவு நிறத்தைத் தண்ணீரிலேயே கலந்துவிடுவது நல்லது. கடைசியில் சேர்த்தால் உங்கள் கைதான் முதலில் நிறம் மாறும்.

இதில் பெரும்பாலும் தவறுவது ஒரே இடத்தில்: மாவு ஒட்டுகிறது என்று மேலே மேலே மைதா தூவுவது. அன்றைக்குச் சரியாகத் தெரியும், மறுநாள் வறண்டு உதிரும். ஒட்டினால் வேகவில்லை என்று பொருள். மறுபடி அடுப்பில் வைத்து ஒரு நிமிடம் கிளறுங்கள். நறநறவென்று இருந்தால் உப்பு பொடியாக இல்லை. சில நாள் கழித்து உதிர ஆரம்பித்தால் கையை ஈரமாக்கிக்கொண்டு பிசைந்தால் மீண்டுவிடும். ஈரக் காற்றுள்ள நாட்களில் மாவின் மேல் நீர் பூத்து நிற்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுப்பதால் வருவது அது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிசைந்தால் போதும். முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் போட்டு இறுக்கி மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, பூஞ்சை பிடிக்கும். வாடை மாறினாலோ புள்ளி தெரிந்தாலோ யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வேகவைக்காத மாவு செய்வது எளிதுதான். ஆனால் பச்சை மாவில் நோய்க்கிருமி இருக்கலாம், பிள்ளைகளின் விரலோ எந்நேரமும் வாய்க்குப் போகும். அதனால் வேகவைத்ததையே கொடுங்கள். இன்னொன்று, அரை கப் என்பது நூறு கிராமுக்கும் மேல் உப்பு. நக்கிப் பார்த்தால் முகத்தைச் சுளித்துத் துப்பிவிடுவாள், ஆனால் உருண்டை உருண்டையாக விழுங்கினால் ஆபத்து. எதையும் வாயில் போடும் பழக்கம் இன்னும் விடவில்லையென்றால் இந்த மாவை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டக்கூடாது. கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மைதா மாவைத் தொடக் கொடுக்காதீர்கள்.

முதல் மூன்று நாள் மாவை மட்டும் வையுங்கள், வேறு எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு பெரிய உருண்டையாகக் கொடுங்கள், துண்டு துண்டாக வேண்டாம். பிய்த்தெடுக்கும் வேலையிலேயே விரல்களுக்கு நல்ல பயிற்சி இருக்கிறது. நான்காவது நாள் ஒரு சின்ன உருட்டுக்கட்டை. அடுத்து முனை மழுங்கிய கத்தி, அதன் பிறகு குத்தி நிறுத்த ஐஸ் குச்சிகள், கடைசியாக அழுத்தி அச்செடுக்க மூடி, சீப்பு, இலை. வடிவ அச்சுகளை எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினாள், நட்சத்திரம் வந்தது, வேலை முடிந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்க அதில் ஒன்றும் இருக்காது.

வண்ணத்துக்கும் இதே முறைதான். முதல் சில நாள் சிவப்பும் மஞ்சளும் மட்டும். பிறகு சிவப்பை எடுத்துவிட்டு நீலம் வையுங்கள், பச்சை பிறப்பதை அவளே பார்ப்பாள். மூன்றையும் ஒன்றாக வைத்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் கலந்து மண் நிறமாகிவிடும், எந்த நிறத்திலிருந்து எது வந்தது என்று அவளுக்குத் தெரியாமலே போகும். கிண்ணத்தில் 2 டேபிள்ஸ்பூனுக்கு மேல் ஊற்றாதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தூரிகை வேண்டும், குட்டையான தடித்த கைப்பிடியும் 2 செ.மீ. அகலத் தட்டை முனையும் உள்ளதாக. தாளின் நான்கு மூலையையும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். தாள் நகர்ந்துகொண்டே இருந்தால் அதைப் பிடிப்பதிலேயே அவள் அலுத்துவிடுவாள்.

விரல் வண்ணம் வீட்டிலேயே செய்யலாம். வெள்ளைக் கார்ன்ஃப்ளார் அரை கப்பை அரை கப் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் ஒன்றரை கப் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். பால் போன்ற வெண்மை போய்க் கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்கிவிடலாம். மஞ்சள் மக்காச்சோள மாவு இதற்கு ஆகாது. நன்றாக ஆறியபின் கிண்ணங்களில் பிரித்து நிறம் கலந்து, இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதுவரை குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும்.

கையில் ஒட்டுவதே பிடிக்காத பிள்ளைகள் உண்டு. வற்புறுத்தி விரலைப் பிடித்து அமுக்கினால் அடுத்த முறை பக்கத்திலேயே வராது. அந்த வண்ணத்தை ஜிப் பையில் ஊற்றிக் காற்றை வெளியேற்றி, வாயை டேப்பால் ஒட்டி, மேசையில் படுக்கவைத்துக் கொடுங்கள். பைக்கு வெளியே விரலால் கோடு இழுக்கட்டும். பக்கத்தில் ஒரு ஈரத்துணி இருந்தால், வேண்டும்போது துடைத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் சில நாளில் அவளே நேராகத் தொடுவாள்.

கிரேயானை 3 செ.மீ. அளவுக்கு ஒடித்துக் கொடுங்கள். நீளமான குச்சியைப் பிள்ளைகள் முஷ்டியால் பிடிப்பார்கள். துண்டை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். தாளை அவள் கண் உயரத்தில் சுவரில் ஒட்டினால் தோளும் மணிக்கட்டும் சேர்ந்து உழைக்கும். கிறுக்கலைக் கிறுக்கல்தானே என்று தள்ளாதீர்கள். ரோடா கெல்லாக் என்ற ஆய்வாளர் சிறு பிள்ளைகளின் ஏராளமான படங்களைச் சேகரித்து, அடிப்படைக் கிறுக்கல்களே 20 வகை என்று பிரித்துக் காட்டினார். வட்டம், சூரியன், மனித முகம் எல்லாம் அந்தக் கோடுகளிலிருந்துதான் வருகின்றன.

கத்தரிக்கோலில் அவசரம் வேண்டாம். முதலில் தாளைக் கையால் கிழிக்கட்டும். பிறகு உருட்டிய மாவுத் திரியைக் கத்தரிக்கட்டும். அதன் பின் வாழ்த்து அட்டை மாதிரித் தடித்த தாளை 2 செ.மீ. அகலப் பட்டையாக நறுக்கிக் கொடுங்கள். ஒரே வெட்டில் துண்டு விழும், விழுந்ததைப் பார்த்து அடுத்ததை வெட்டுவாள். மெல்லிய தாள் மடிந்து இரு தகட்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும், அதனால் அதுதான் கடினம். கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும். அந்த நகத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, "ஸ்டிக்கர் எப்பவும் மேல பார்க்கணும்" என்று சொன்னால் போதும். இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைக் கத்தரிக்கோலே வாங்குங்கள். வலக்கைக்குரியதை இடக்கையில் பிடித்தால் மேல்தகடு வெட்டும் கோட்டை மறைக்கும், கையின் அழுத்தம் தகடுகளைப் பிரித்துவிடும். "கையே வரலை" என்று பெரியவர்கள் முடிவுகட்டுவதில் பாதி, கருவியின் குறை. முனை மழுங்கலாக இருக்கட்டும், ஆனால் தாளை வெட்டாத பிளாஸ்டிக் கத்தரிக்கோல் வேண்டாம்.

பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் நீங்கள் செய்து காட்டாதீர்கள். நீங்கள் ஓர் அழகான பூனையைச் செய்துவிட்டால் அவள் தன்னுடையதைக் கீழே வைத்துவிட்டு "நீயே செஞ்சு குடு" என்பாள். அப்படிக் கேட்டால், "பூனைக்குக் காது எங்க இருக்கும்? அதுலேர்ந்து ஆரம்பிப்போமா?" என்று திருப்பிக் கேளுங்கள். "என்ன இது?" என்ற கேள்வியும் வேண்டாம், பல நேரம் அது எதுவாகவும் இருக்காது. "மேலேருந்து கீழ வரைக்கும் எவ்ளோ நீளமா இழுத்துட்ட!" என்று கண்ணில் பட்டதைச் சொன்னால், அடுத்த கோட்டை இன்னும் கவனமாக இழுப்பாள்.

மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருந்தால், டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக்குழாய்க்குள் நுழையக்கூடிய எதையும் வெளியே எடுக்காதீர்கள், அது தொண்டையில் சிக்கும் அளவு. பட்டன் பேட்டரி, குட்டிக் காந்தம், தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் மணிகள் மூன்றும் எந்த வயதிலும் வேண்டாம். ஜெல் மணியை விழுங்கினால் குடலுக்குள் போய் ஊதி அடைத்துக்கொள்ளும். ஊற்றி விளையாட தண்ணீர்த் தொட்டி வைத்தால் நீங்கள் அங்கேயே இருங்கள், முடிந்த கையோடு கவிழ்த்துவிடுங்கள். சில அங்குலத் தண்ணீரே போதும், குழந்தை மூழ்கிவிடும்.

மாவு இரண்டு வாரம் ஓடி அலுத்துவிட்டதா? கண்ணில் படாமல் எடுத்துவைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துப் புதிதாகக் கிண்டி வையுங்கள். நடுவில் கார்ன்ஃப்ளார் 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு கலந்து தட்டில் ஊற்றிக் கொடுக்கலாம். குத்தினால் இறுகும், விட்டால் வழியும். விளையாடி முடித்ததும் அதைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள், குழாய்க்குள் படிந்து இறுகி அடைத்துவிடும். தட்டோடு வெயிலில் காயவைத்து, பொடியானதும் குப்பையில் போடுங்கள்.