படிப்பு நின்ற ஆறு வருடத்தை மறைக்கலாமா?

கேள்வி: முதுகலையில் முதல் வகுப்பு. அப்புறம் கல்யாணம், இரண்டு குழந்தைகள் என்று ஆறு வருடம் ஓடிவிட்டது. இப்போது பெண்களுக்கான ஆராய்ச்சி ஃபெலோஷிப் (உதவித்தொகை) ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறேன். அந்த ஆறு வருடத்தைப் பற்றி மூச்சே விடாமல் இருந்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. தேர்வுக் குழுவில் உட்கார்ந்து கோப்பு புரட்டியவள் நான். பயோடேட்டாவில் வருடங்கள் தாவினால் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும். காரணம் இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை கட்டுவோம். ‘குழந்தை வளர்ப்புக்காக ஆறு ஆண்டு இடைவெளி’ என்று ஒரே வரி எழுதிவிடுங்கள், போதும். ஒருமுறை ஒரு பெண் இரண்டு பக்கத்துக்கு மாமியார் புராணம் எழுதியிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் எதை ஆராயப் போகிறார் என்பது கடைசிப் பக்கத்தின் அடியில் நாலு வரியாக நசுங்கிக் கிடந்தது.

இடைவெளியைக் கணக்கில் எடுக்கிற இடங்களும் உண்டு. ஆராய்ச்சிக்குப் பணம் தரும் ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில், தாய்மார்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதம் வீதம், விண்ணப்பிக்கத் தகுதியுள்ள காலத்தை நீட்டித் தருகிறது. நீங்கள் மறைத்தால் இப்படிப்பட்ட சலுகையும் போச்சு.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவைக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள், விதியில் இடமிருந்தால். 1995-ல் மருத்துவ நோபல் வாங்கிய கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், 2004-ல் ஜெர்மனியில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். குழந்தை உள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு அது பணம் தருகிறது. எதற்கு? வீட்டு வேலைக்கும் குழந்தையைக் கவனிக்கவும் ஆள் வைத்துக்கொள்ள! பாத்திரம் தேய்க்கிற நேரத்தில்தான் பாதி ஆராய்ச்சி நின்றுபோகிறது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: ஃபெலோஷிப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: பொதுவாகத் தேவையில்லை, அது கடன் இல்லையே. நடுவில் விட்டால் கேட்பவர்கள் உண்டு. படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குபவர்களும் உண்டு. கையெழுத்துக்கு முன்னால் படித்துப் பாருங்கள்.

கேட்காமலே திருப்பியவர் மேரி கியூரி. 1893-ல் பாரிஸில் காசில்லாமல் திண்டாடியபோது அலெக்ஸாண்ட்ரோவிச் உதவித்தொகையாக 600 ரூபிள் கிடைத்தது. தோழி ஒருத்தி அலைந்து வாங்கித் தந்தது. அதை வைத்துத்தான் கணிதப் பட்டத்தையும் முடித்தார். பிறகு எஃகின் காந்தத்தன்மையை ஆராய்ந்ததற்குக் கிடைத்த பணத்திலிருந்து 600 ரூபிளையும் எடுத்து அனுப்பிவிட்டார். வாங்கிக்கொண்ட அலுவலகத்தில் திகைத்துப்போனார்களாம்.