வங்கி செக், செக்போஸ்ட், செக்மேட், செக் சட்டை: எல்லாம் ஒரே 'செக்'தானா?

கேள்வி இது: "செக் பண்ணு என்கிறோம், வங்கியில் செக் கொடுக்கிறோம், செக்போஸ்டில் நிற்கிறோம், செஸ்ஸில் செக்மேட் என்கிறோம், கட்டம் போட்ட சட்டையையும் செக் சட்டை என்கிறோம். இவையெல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லா, இல்லை ஒலி மட்டும் ஒத்துப்போகிறதா?"

ஒரே சொல்தான். அதன் மூல அர்த்தம் 'ராஜா'.

தில்லி பாதுஷா, ஷாஜகான் என்றெல்லாம் சொல்கிறோமே, அந்த 'ஷா'தான் செக். (மிட்டாய்க் கடை பாதுஷாவும் அதே பெயரோடுதான் தட்டில் உட்கார்ந்திருக்கிறது.) பழைய பாரசீகத்தில் அது 'க்ஷாயதிய'. நம் க்ஷத்திரியனுக்கும் அதற்கும் வேர் ஒன்று.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போய் 'சத்ரங்' ஆனது. 7ஆம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தைப் பிடித்தபோது ஆட்டமும் அவர்கள் கைக்கு வந்தது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அரபு வாயில் நுழையாததால் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்படி காயை வைத்துவிட்டால் "ஷா!" என்று குரல் கொடுப்பார்கள். உன் ராஜாவைப் பார்த்துக்கொள் என்று பொருள். ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது அந்தக் குரலும் கூடவே போனது. பாரசீக உச்சரிப்பில் அது 'ஷாஹ்'. லத்தீனில் அந்தக் கடைசி 'ஹ்' வலுத்துக் 'க்' ஆகி 'ஸ்காக்குஸ்' என்றானது, பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்'. அதன் தலையை வெட்டிவிட்டு ஆங்கிலேயர்கள் 'செக்' என்று வைத்துக்கொண்டார்கள். சுமார் 1300-லிருந்து ஆங்கிலத்தில் இருக்கிறது. 'செஸ்' என்பதும் அந்த பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான். அதாவது 'ராஜாக்கள்'. இன்றைய பிரெஞ்சில் அதே சொல் ஒருமையில் வந்தால் தோல்வி என்று அர்த்தம்.

செக்மேட் என்பது 'ஷா மாத்'. இதை 'ராஜா செத்தான்' என்றுதான் பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அரபியில் அப்படிப் பொருள் வரும். பாரசீகத்தில் 'மாத்' என்றால் செய்வதறியாமல் திகைத்து நிற்பது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே. போக வழியில்லாமல் அவன் நின்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது.

சரி, 'ராஜா' எப்படி 'சரிபார்' ஆனான்? செஸ் ஆடுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். நீங்கள் பெரிதாக ஏதோ திட்டம் போட்டு யானையை நகர்த்தப் போகிறீர்கள். எதிராளி "செக்" என்கிறார். அவ்வளவுதான், திட்டம் அந்தரத்தில் நிற்கும். முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் ஆங்கிலத்தில் செக்குக்கு 'திடீர்த் தடை' என்ற பொருள் வந்தது. அதிலிருந்து 'கட்டுப்படுத்து', அதிலிருந்து 'தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்', அதிலிருந்து 'ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்'. கடைசிப் பொருள் வந்து சேர 17ஆம் நூற்றாண்டின் கடைசி ஆகிவிட்டது.

நெடுஞ்சாலைச் செக்போஸ்டை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு கம்பு. முதலில் வண்டி நிற்கிறது, அப்புறம்தான் ஆர்.சி. புத்தகமும் டிக்கியும். பழைய அர்த்தமும் புது அர்த்தமும் அந்தக் கம்புக்கு இரண்டு பக்கமும் நிற்கின்றன.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், தமிழ்ப் பத்திரிகைகள் இந்தச் சொல்லின் மிகப் பழைய அர்த்தத்தைத்தான் இன்றும் புழங்கிக்கொண்டிருக்கின்றன. "எதிர்க்கட்சிக்கு செக் வைத்த ஆளுங்கட்சி" என்று வாரம் ஒரு தலைப்பாவது பார்க்கலாம். அங்கே யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. சதுரங்கப் பலகையில் காய் வைத்த அதே வைத்தல்தான்.

இப்போது வங்கி செக். இதற்கு ஒரு மேசையின் கதை வேண்டும்.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மாவட்டம் மாவட்டமாக வரி வசூலித்த ஷெரிஃப்கள் வருடத்துக்கு இருமுறை மன்னரின் அதிகாரிகள் முன் கணக்கு ஒப்பிக்க வேண்டும். ரோமானிய எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது பெரும் பாடு. அதனால் சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேசை. சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு, வைத்த வில்லைகள் கீழே உருளாமல் இருக்க. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒரு பத்தி என்று வில்லைகளை அடுக்கிக் கணக்குப் பார்ப்பார்கள். பார்க்கச் சதுரங்கப் பலகை போலவே இருந்ததால் அந்த இடத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்துவிட்டது. பலகைக்கு அவர்கள் வைத்திருந்த சொல் அது. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'. சதுரங்கப் பலகை அமைச்சர்!

இந்த விவரமெல்லாம் நமக்குக் கிடைப்பது, இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் கடைசியில் எழுதத் தொடங்கிய ஒரு நூலால். மாணவன் கேட்க ஆசிரியர் பதில் சொல்வது போல எழுதியிருக்கிறார், ஆக அவரும் நம்ம ஆள்தான். பெயருக்கு அவர் இன்னொரு காரணமும் சொல்கிறார்: மேசைக்கு இந்தப் பக்கம் பொருளாளர், அந்தப் பக்கம் ஷெரிஃப், இருவருக்கும் நடப்பது சதுரங்கச் சண்டைதான், மற்றவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள் என்று.

கட்டின பணத்துக்கு ரசீது? ஒரு மரக்குச்சி. 1000 பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெட்டு, 100-க்குக் கட்டைவிரல் அகலம், 20-க்குச் சுண்டுவிரல், 1 பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி. வெட்டியபின் குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்கொரு பாதி. பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள், வெட்டு பொருந்தினால் கணக்கு சரி. இந்தக் குச்சி வழக்கம் 1826 வரை ஓடியது. மிச்சமிருந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றத்தின் அடுப்பில் போட்டு எரிக்க, அந்தத் தீயில் கட்டடமே போய்விட்டது.

குச்சி போய்க் காகிதம் வந்தபோதும் ஏற்பாடு அதேதான். ஒரு தாளில் எழுதிக் கிழித்துக் கொடுப்பது, மிச்சத் துண்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்று பெயர் பெற்றது இந்த மிச்சத் துண்டுதான். கள்ளத் தாள் வந்தால் தடுத்து நிறுத்துவது அது அல்லவா? அப்புறம் மெல்ல மெல்லப் பெயர் இடம் மாறி, கிழித்துக் கொடுக்கிற தாளுக்குப் போய்விட்டது. எக்ஸ்செக்கரை (exchequer) ஒட்டி பிரிட்டிஷார் எழுத்தை cheque என்று மாற்றிக்கொண்டார்கள், அமெரிக்கர்கள் check என்ற பழைய எழுத்திலேயே நின்றுவிட்டார்கள். தமிழில் எழுதும் நமக்கு அந்த வம்பே இல்லை.

அந்த மிச்சத் துண்டுக்கு நாம் சொல்வது அடிக்கட்டை. என் அப்பா பருப்பு மண்டி வைத்திருந்தார். செக் எழுத உட்கார்ந்தால் முதலில் அடிக்கட்டையைத்தான் நிரப்புவார்: தேதி, பெயர், தொகை, மூலையில் எத்தனை மூட்டை என்று பொடி எழுத்தில். அதன் பிறகே தாளைத் தொடுவார். ஒருமுறை சரக்கு அனுப்புகிறவர் கடைக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சி, போன மாசம் பதினெட்டாயிரம்தானே குடுத்தீங்க, பாக்கி நாலு நிக்குது" என்றார். அப்பா பதில் பேசவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட அடிக்கட்டைகளை எடுத்து, எச்சில் தொட்டு ஒவ்வொன்றாகத் தள்ளி, 22,000 என்று எழுதியிருந்த கட்டையில் விரலை வைத்து அவர் பக்கம் திருப்பினார். வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம பையன் நோட்டுல தப்பா ஏத்திட்டான் போல அண்ணாச்சி" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஃபிட்ஸ்நீல் பார்த்திருந்தால் அப்பாவுக்கு வேலை போட்டுக் கொடுத்திருப்பார்.

இப்போது எனக்கு வருகிற செக் புத்தகத்தில் அடிக்கட்டையே இல்லை. எழுதிவைத்துக்கொள்ள உள்ளே ஒரு அட்டவணை இருக்கிறது, ஒருநாளும் நான் நிரப்பியதில்லை.

செக் சட்டைக்கு நீண்ட கதை வேண்டியதில்லை. பலகையின் கட்டம் துணிக்குப் போயிற்று. இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு: மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட கைத்தறித் துணிக்கு வெளிநாடுகளில் 'மெட்ராஸ்' என்றே பெயர். நைஜீரியாவில் அதற்கு 'ஜார்ஜ்' என்று பெயர், செயின்ட் ஜார்ஜ் கோட்டையை வைத்து.

அமெரிக்கர்களிடம் இந்தச் சொல் இன்னும் பல குட்டி போட்டது. ஓட்டலில் பில்லும் செக், டிக் அடிப்பதும் செக், கோட்டைக் கழற்றிக் கொடுத்தால் தருகிற டோக்கனும் செக். எங்கள் அலுவலகத்தில் சாப்பிடக் கூப்பிட்ட பையனுக்கு அமெரிக்க மேலாளர் "ரெயின் செக்" என்று பதில் அனுப்ப, அவன் ஜன்னல் பக்கம் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தான். பேஸ்பால் ஆட்டம் மழையில் நின்றுபோனால், கையிலுள்ள சீட்டின் துண்டைக் காட்டி இன்னொரு நாள் ஓசியில் பார்க்கலாம். அந்தத் துண்டுதான் ரெயின் செக். இன்னொரு நாள் வருகிறேன் என்கிறார் மனிதர். இங்கேயும் கிழித்த சீட்டின் மிச்சம்தான், கவனித்தீர்களா?

செக் குடியரசு மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது ஒரு ஸ்லாவிய இனத்தின் பெயர், போலிஷ் எழுத்து வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கும் சேராது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.