சமகாலக் கலையில் பட்டாம்பூச்சி எதைக் குறிக்கிறது? விடுதலையையா, மறுபிறவியையா?

இரண்டும்தான், ஆனால் என் கண்ணுக்கு அதைவிட அதிகமாகத் தெரிவது சாவு.

பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் 1991-ல் லண்டனில் வைத்த ‘இன் அண்ட் அவுட் ஆஃப் லவ்’ கண்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மாடியில் வெள்ளை கான்வாஸ்களில் கூட்டுப்புழுக்களை ஒட்டிவைத்தார். கூடு பிரிந்து பட்டாம்பூச்சிகள் வெளியே வந்து, அங்கே வைத்திருந்த சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து, இணைசேர்ந்து, அந்த அறைக்குள்ளேயே செத்தன. கீழ்த்தளத்தில் ஒரே நிறம் பூசிய பளபளப்பான கான்வாஸ்கள். பெயின்ட் தவறி ஊற்றிய இடத்தில் போய் உட்கார்ந்து மாட்டிக்கொண்டது போல, விரித்த சிறகோடு செத்த பட்டாம்பூச்சிகள் அதில் ஒட்டியிருந்தன. பக்கத்து மேஜையில் சிகரெட் துண்டுகள் நிறைந்த சாம்பல் கிண்ணங்கள். காதல், அழகு, கூடவே அது முடிகிற இடம், எல்லாம் ஒரே படிக்கட்டில் மேலும் கீழுமாக.

யோசனை பெரியது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் 2012-ல் இதையே லண்டனின் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தில் மறுபடி வைத்தபோது, 23 வாரங்களில் 9,000-க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சிகள் செத்தன, வாராவாரம் புதிதாகக் கொண்டுவந்து நிரப்பினார்கள். சின்ன வயதில் பட்டாம்பூச்சியைப் பிடித்துவிட்டால் விரலில் பொடி ஒட்டுமே, அது வண்ணப்பொடி இல்லை, சிறகின் செதில்கள். ஒரு தடவை உதிர்ந்தால் அவ்வளவுதான், திரும்ப முளைக்காது. அது தெரிந்த பிறகு அந்த எண்ணிக்கையை என்னால் கலை என்று சொல்லிக் கடந்துபோக முடியவில்லை.

என் மனதுக்கு நெருக்கமானது மெக்சிகோக்காரர் கார்லோஸ் அமொராலெஸ் 2007-ல் செய்த ‘பிளாக் கிளவுட்’. சாகக் கிடந்த பாட்டியைப் பார்த்துவிட்டு வந்தபோதுதான் அவருக்கு இது தோன்றியது. கறுப்புக் காகிதத்தில் வெட்டி மடித்த ஏறத்தாழ 25,000 அந்துப்பூச்சிகளும் பட்டாம்பூச்சிகளும் சுவரிலும் கூரையிலும் அப்பிக்கிடக்கும், ஓரிடத்தில் திரண்டு, ஓரிடத்தில் சிதறி, அறை முழுக்க. கறுப்பு அந்துப்பூச்சி வீட்டுக்குள் வந்தால் சாவு வரும் என்று நம்புகிற ஊர் அது. ஓர் உயிரைக்கூடத் தொடாமல் துக்கம் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று காட்டிவிட்டார்.

அதே மெக்சிகோவில்தான் நவம்பர் தொடக்கத்தில், இறந்தோரை நினைக்கும் நாட்களையொட்டி, கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மொனார்க் பட்டாம்பூச்சிகள் மிச்சோவகான் மலைக்காடுகளுக்கு வந்து சேரும். செத்துப்போனவர்களின் ஆன்மாதான் வருகிறது என்பார்கள் அங்கே. சரி, அது அங்கேயே நிற்கவில்லை. எல்லையை இப்படிக் கடக்கிற மொனார்க்கையே அமெரிக்காவில் ஆவணமில்லாத குடியேறிகள் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். 2012-ல் அவர்கள் ஊர் ஊராகப் போன பேருந்தில் மொனார்க்தான் வரைந்திருந்தது. ஓக்லாந்து ஓவியர் ஃபவியான்னா ரோட்ரிகெஸ் வரைந்த மொனார்க்கைப் பெரிதாக்கிப் பாருங்கள், சிறகின் கறுப்புக் கோடுகளுக்குள் பக்கவாட்டில் மனித முகங்கள் தெரியும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: மெக்சிகோவிலிருந்து வசந்தத்தில் வடக்கே கிளம்புகிற பூச்சி இலையுதிர்காலத்தில் திரும்பி வருவதில்லை. வழியிலேயே முட்டையிட்டுச் செத்துப்போகும். நவம்பரில் வந்து இறங்குவது அதன் பேரனோ கொள்ளுப்பேரனோ, அந்தக் காட்டை அதற்குமுன் ஒருநாளும் பார்த்திராத ஒன்று.