சில்லாநத்தம் கார் ஆலைக்கு மகனை அனுப்ப நினைக்கும் அண்ணாச்சிக்கு

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பத்தாவது முடித்த மகனை எப்படியாவது தூத்துக்குடி பக்கம் சில்லாநத்தம் சிப்காட்டில் உள்ள வியட்நாம் கார் கம்பெனியில் சேர்த்துவிட வேண்டும் என்கிறீர்கள். ஒரு லட்சம் கொடுத்தால் உள்ளே தள்ளிவிடுவதாக ஒருவர் சொல்லியிருக்கிறாராம். பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஆசையில் தப்பில்லை. வானம் பார்த்து உளுந்தும் மக்காச்சோளமும் போட்ட பக்கத்தில் 400 ஏக்கரில் வின்ஃபாஸ்ட் வந்து, 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறந்தும்விட்டார்கள். ஆண்டுக்கு 50,000 கார் என்பது முதல் கட்டம். ஆனால் அது மின்சாரக் கார். அதில் இன்ஜினும் கிடையாது, சைலன்சரும் கிடையாது. இந்த மாதிரி ஆலைகளில் பாடி ஷாப்பில், அதாவது காரின் கூட்டைச் சேர்க்கும் இடத்தில், வெல்டிங்கைப் பெரும்பாலும் ரோபோவே பார்த்துக்கொள்ளும். அந்த ரோபோ நடு ஷிஃப்டில் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவார்கள்? மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியனையும் ஃபிட்டரையும்தான்.

அதனால் ஐ.டி.ஐ.-யில் எலக்ட்ரீசியன் அல்லது ஃபிட்டர் போடுங்கள். இரண்டும் இரண்டு வருட டிரேடு. வெல்டர், டீசல் மெக்கானிக் ஒரே வருடத்தில் முடியும், கைக்குக் காசும் சீக்கிரம் வரும். ஆனால் இரண்டு வருடம் படித்தவனுக்கு நேரடியாக பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு, அப்புறம் பி.இ. இரண்டாம் ஆண்டு என்று மேலே போக வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.-களில் ரோபோ, கம்ப்யூட்டர் இயக்கும் சி.என்.சி. மெஷின் எல்லாம் வைத்துப் புதுக் கூடங்கள் கட்டியிருக்கிறார்கள். சேரும் முன் அந்தக் கூடத்தை நேரில் போய்ப் பாருங்கள். மெஷின் ஓடுகிறதா, உறை போட்டு மூடிக் கிடக்கிறதா என்று வாசலில் நின்றாலே தெரிந்துவிடும்.

நாளைக்கு வேலை கிடைத்தால் ஆர்டரைப் பையன் கையில் விட்டுவிடாமல் நீங்களும் படியுங்கள். 'அப்ரண்டிஸ்' என்று இருந்தால் அது பயிற்சிதான். உதவித்தொகை உண்டு, பி.எஃப். கிடையாது, முடித்தபின் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வெழுதி வாங்கும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் எங்கே போனாலும் பேசும். சம்பளச் சீட்டின் தலைப்பில் கார் கம்பெனி பெயருக்குப் பதிலாக யாரோ ஒரு கான்ட்ராக்டர் பெயர் இருக்கிறதா? அப்படியென்றால் பையன் கம்பெனி யூனிஃபார்ம் போட்ட கான்ட்ராக்ட் தொழிலாளி. ஊரில் பலகாரம் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

நிரந்தர வேலை என்றாலும் ஆயுசுக்கும் உத்தரவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். மறைமலை நகரில் ஃபோர்டு 1990-களில் வந்தது. இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது, அடுத்த வருடம் லைன் நின்றது. வெளிநாட்டில் எடுக்கிற முடிவு, ஒரே நாளில் இங்கே செய்தியாக வந்து இறங்கும். வீட்டுக் கடன் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். அந்த நேரத்தில் லைனில் ஒரே இடத்தில் நின்று வருடக்கணக்காகப் போல்ட் முடுக்கியவனைவிட, மின் பேனல் போர்டைத் திறந்து பழுது பார்க்கத் தெரிந்தவனுக்கு அடுத்த வேலை சுலபம். ஸ்பின்னிங் மில்லோ அனல் மின் நிலையமோ, எங்கேயும் அவனுக்கு இடம் உண்டு.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள், விண்ணப்பம் போட்டுவிடலாம். பையனையும் கூட்டி வாருங்கள். நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் அவனுக்கு எது பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை அண்ணாச்சி.