தட்டுவடை செட்டும் ஒரு கோடி ரூபாய் நோட்டீசும்

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் நான்கு நண்பர்கள். மூன்று பேர் சேலம், ஒருவன் ஏற்காட்டிலிருந்து இறங்கி வருவான். புதுப்படம் வந்தால் முதல் நாள் காலை 9 மணிக் காட்சி பார்த்துவிட்டு, தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிட்டபடி படத்தைக் கலாய்த்துப் பேசுவோம். அதை போனில் எடுத்து யூடியூபில் போடுவோம். போன மாதம் ஒரு படத்தைப் பற்றி 18 நிமிடம் பேசினோம். இப்போது தயாரிப்பு நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. 7 நாளில் வீடியோவை நீக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், ஒரு கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும், இனி அவர்கள் படத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்கிறார்கள். தவறினால் அவதூறு வழக்காம். டிரெய்லரில் 40 நொடி போட்டதற்காக யூடியூபில் பதிப்புரிமை ஸ்ட்ரைக் வேறு வந்துவிட்டது. அப்பா பயந்துபோய் சேனலையே மூடச் சொல்கிறார். மூட வேண்டுமா? இந்த நோட்டீசுக்கே ஒரு ரிவ்யூ போடலாமா?
(பெயர் வேண்டாம், சேலம்)

பதில்:

தம்பி, நீங்கள் அனுப்பிய இணைப்பில் போய் 18 நிமிடத்தையும் பார்த்தேன். இரண்டு முறை. முதல் முறை வக்கீலாகப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சேனலை மூட வேண்டாம். ஆனால் வீடியோவிலிருந்து சில இடங்கள் போக வேண்டும். நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒரு விஷயம் நோட்டீசின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. ஒரு கோடியைவிட அதுதான் எனக்குக் கவலை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அவதூறு. நோட்டீசில் இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 என்று போட்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அவதூறு இப்போது 356ஆவது பிரிவு. நீங்கள் பேசியது போன மாதம். பழைய நோட்டீசை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது. இதனால் நோட்டீஸ் செல்லாது என்று துள்ள வேண்டாம், பிரிவு எண் தவறினால் வழக்கு செத்துவிடாது. தண்டனை 2 ஆண்டு வரை வெறுங்காவல் (கடின உழைப்பு இல்லாத சிறை), அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. கடைசியில் சொன்னது புதுச் சட்டத்தில் சேர்ந்தது.

இதே பிரிவில் பத்து விதிவிலக்குகள் உண்டு. ஆறாவது விதிவிலக்கு உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதி வைத்ததுபோல் இருக்கும். ஒருவர் தன் படைப்பைப் பொதுமக்களின் தீர்ப்புக்கு விட்டுவிட்டால், அதன் தரத்தைப் பற்றியும், அந்தப் படைப்பில் தெரிகிற அளவுக்கு அவருடைய குணத்தைப் பற்றியும் நன்னம்பிக்கையுடன் கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது. சட்டமே உதாரணமும் தருகிறது. மேடையேறும் நடிகரோ பாடகரோ தன் நடிப்பையும் பாட்டையும் மக்களின் தீர்ப்புக்கு விட்டவர். டிக்கெட் போட்டு விற்ற படத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

இன்னும் இரண்டு உதாரணம் இருக்கிறது, 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி இன்றுவரை தொடர்வது. 'இந்தப் புத்தகம் முட்டாள்தனமானது, எழுதியவர் பலவீனமான ஆளாக இருக்க வேண்டும்' என்றால் தப்பில்லை. புத்தகத்தைப் படித்து அதிலிருந்து ஆளைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறீர்கள். 'இவருடைய புத்தகம் முட்டாள்தனமாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, ஆள் அப்பேர்ப்பட்ட ஒழுக்கங்கெட்டவர்' என்றால் மாட்டிக்கொள்வீர்கள். அந்தக் கருத்து புத்தகத்திலிருந்து வரவில்லை, வேறெங்கோ இருந்து வருகிறது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் உள்ள கோட்டில்தான் உங்கள் 18 நிமிடமும் ஓடுகிறது.

உங்கள் வசனங்களையே எடுத்துக்கொள்வோம். 'ஹீரோ முகம் சேலம் ஸ்டீல் மாதிரி, எந்த உணர்ச்சியும் ஒட்டாது.' இது நடிப்பைப் பற்றிய கருத்து. உருக்காலைக்காரர்கள் வேண்டுமானால் பெருமைப்படலாம், நடிகர் வழக்குப் போட முடியாது. 'ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, இந்தக் கதையில் ஒரு திருப்பம்கூட இல்லை.' திரைக்கதையைப் பற்றியது. தாராளமாகச் சொல்லுங்கள், நானே நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். 'தூக்க மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேணும், இந்தப் படத்துக்கு டிக்கெட் போதும்.' பழைய நகைச்சுவை, ஆனால் குற்றமில்லை. க்ளைமாக்ஸைப் போட்டு உடைத்ததற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது. எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தால் ஒன்று சேர்த்திருப்பேன்.

சரி, இப்போது 11ஆவது நிமிடம். தட்டுவடையைக் கடித்துக்கொண்டே உங்கள் நண்பர் சொல்கிறார்: 'கருப்புப் பணத்தை வெள்ளையாக்கத்தான் இந்த ஆளு படமே எடுத்திருக்காரு.' இது படத்தின் எந்தக் காட்சியில் தெரிந்தது? இதில் கருத்து எதுவும் இல்லை. ஒரு மனிதர் குற்றம் செய்தார் என்று தகவல் சொல்கிறீர்கள். உண்மை என்றால் நிரூபிக்க வேண்டும். கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னோம் என்றும் காட்ட வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்பது நல்ல வாதம், ஆனால் அதை மட்டும் நம்பிக் கூண்டில் ஏற முடியாது. அந்த வரியை வெட்டிவிடுங்கள். கதாநாயகியின் உடம்பைப் பற்றி ஓரிடத்தில் பேசியிருக்கிறீர்கள், அதையும் வெட்டுங்கள். அதற்கு எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நன்னம்பிக்கை என்ற சொல்லையும் பிடித்துக்கொள்ளுங்கள். உரிய கவனம் இல்லாமல் செய்த எதையும் நன்னம்பிக்கையுடன் செய்ததாகச் சட்டம் ஏற்காது. படத்தைப் பார்க்காமலே கிழிப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். உங்கள் நான்கு டிக்கெட்டையும் பத்திரப்படுத்துங்கள். அவைதான் உங்கள் முதல் சாட்சி. ஏற்காட்டு நண்பர் இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிட்டதாக அவரே வீடியோவில் சொல்கிறார், பிறகு சண்டைக்காட்சி மோசம் என்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் நானாக இருந்தால் குறுக்கு விசாரணையை அங்கேதான் தொடங்குவேன்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: அவதூறுக்காகப் போலீஸ் நேராக வீட்டுக்கு வந்து பிடித்துப் போக முடியாது. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட் முன் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223ஆவது பிரிவின்படி, புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை.

ஒரு கோடிக்கு வருவோம். நோட்டீசில் எத்தனை சைபர் போட்டாலும் தபால் செலவு ஒன்றுதான். அதையே வழக்காகப் போட்டால் கதை வேறு. தமிழ்நாட்டில் மாவட்ட நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டால், கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். ஒரு கோடிக்கு 3 லட்சம். அவதூறுக்கு இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குப் போட ஓராண்டுதான் காலவரம்பு. வியாபார நஷ்டம் என்று கேட்டால், பதினோராயிரம் பேர் பார்த்த உங்கள் வீடியோவால்தான் படம் விழுந்தது என்று காட்ட வேண்டும். படத்தைப் பார்த்த நீதிபதி கிடைத்துவிட்டால் அவர்கள் பாடு திண்டாட்டம். வழக்கு வராது என்று நான் உறுதி சொல்லவில்லை, தொகையைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம் என்கிறேன்.

'இனி எங்கள் படத்தைப் பற்றிப் பேசவே கூடாது' என்ற கோரிக்கை இருக்கிறதே, நோட்டீசில் அதுதான் மிகப் பலவீனமான இடம். அவர்களின் சங்கத்தாலேயே முடியாததை ஒரு நோட்டீசில் கேட்கிறார்கள். படம் வெளியாகி முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்துவிட்டது. அதற்கு முன்பே, 1994இல், தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையைப் பத்திரிகை வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தரப்பு முயன்றபோது, அவதூறு வரும் என்ற பயத்தில் முன்கூட்டியே வாயை அடைக்க முடியாது, வெளியான பிறகு வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு சங்கரைத் தூக்கிலிட்டது நம் சேலம் மத்திய சிறையில்தான். அவருடைய குற்றங்கள் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தத் தீர்ப்பில் இன்றைக்கும் நிறையப் பேர் நிழலுக்கு ஒதுங்குகிறார்கள், நீங்கள் உட்பட.

தியேட்டர் வளாகம் மட்டும் வேறு. அது தனியார் இடம். உள்ளே நின்று பேட்டி எடுக்காதே என்று மேலாளர் சொன்னால் கேட்டுக்கொண்டு தள்ளுவண்டிப் பக்கம் வந்துவிடுங்கள். சாலையில் நின்று பேசுவதைத் தடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிற ஊர் இது. டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனம் நூறு படத்துக்கு மேல் எடுத்த ஊரில், படம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் யாருக்கும் வந்ததில்லை.

அடுத்து ஸ்ட்ரைக். பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆவது பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவு பயன்படுத்துவது மீறல் ஆகாது என்கிறது. 'முப்பது நொடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை' என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. எவ்வளவு எடுத்தீர்கள், எதற்காக எடுத்தீர்கள், உங்கள் வீடியோவைப் பார்த்தவர் அசலைப் பார்க்கத் தேவையில்லாமல் போகுமா, இதைத்தான் பார்ப்பார்கள். டிரெய்லரை நிறுத்தி நிறுத்தி 'இந்த ஷாட்டில் டூப்பின் முகம் தெரியுது பாரு' என்று காட்டியிருக்கிறீர்கள். அது விமர்சனம். ஆனால் முடிவில் 15 நொடி பாட்டு மட்டும் ஓடுகிறது, யாரும் பேசவில்லை. அது வெறும் அலங்காரம். அதை எடுத்துவிடுங்கள், மீதிக்கு யூடியூபில் 'இது மீறல் இல்லை' என்று எதிர் அறிவிப்புக் கொடுக்கலாம். கொடுத்தால் 10 வேலை நாளுக்குள் அவர்கள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் அவர்களுக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம். அது சரிப்படவில்லை என்றால், யூடியூபின் பதிப்புரிமைப் பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் பொறுத்தால் ஸ்ட்ரைக் காலாவதியாகும். மூன்று சேர்ந்தால்தான் சேனல் போகும்.

இப்போது மூன்றாம் பக்கம். தியேட்டருக்குள் ஹீரோ அறிமுகக் காட்சியை உங்களில் ஒருவர் போனில் எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டசில் வைத்திருக்கிறார். ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறார்கள். எல்லாரும் செய்கிறார்கள்தான், விசிலடித்துக்கொண்டே எடுக்கிறார்கள்தான். ஆனால் 2023இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி 6ஏஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். கள்ளப் பிரதி எடுக்கும் அல்லது பரப்பும் நோக்கத்தோடு தியேட்டரில் படத்தின் ஒரு பகுதியைப் பதிவு செய்தாலும் குற்றம். குறைந்தது 3 மாதம் சிறை, 3 ஆண்டு வரை போகலாம். அபராதம் குறைந்தது 3 லட்சம், அதிகபட்சம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை. உங்கள் நண்பருக்குக் கள்ளப் பிரதி நோக்கம் இல்லை என்று வாதிடலாம், நான் வாதிடுவேன். ஆனால் அந்த வாதத்தை ஜாமீன் மனுவில் எழுதும் நிலை வராமல் இருப்பது நல்லது. ஸ்டேட்டஸ் ஒரு நாளில் தானாகப் போயிருக்கும். வேறெங்கும் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். போனில் இருக்கும் பதிவை மட்டும் அழிக்காதீர்கள். பொதுப் பார்வையிலிருந்து நீக்குவது வேறு, சாட்சியத்தை அழிப்பது வேறு.

அதே பக்கத்தில் இன்னொன்று. அவர்களின் விளம்பரக்காரர் வீடியோவை எடுக்கச் சொல்லிக் கேட்டபோது 'பத்தாயிரம் ஜிபே பண்ணுங்க, தூக்கிடறோம்' என்று சிரிப்பு பொம்மையுடன் பதில் போட்டிருக்கிறீர்கள். ஐயா சாமிகளா, இந்த ஒரு வரியை வைத்து மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தார்கள் என்று புகார் எழுத ஒரு வக்கீலுக்கு அரைமணி நேரம் போதும். மிரட்டிப் பணம் பறித்தலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. நீங்கள் பணம் வாங்கவில்லை, அதனால் அவ்வளவு தூரம் போகாது என்றே நினைக்கிறேன். ஆனால் விமர்சனத்தை நீக்கக் காசு என்ற பேச்சை விளையாட்டுக்குக்கூட எடுக்காதீர்கள். நல்லதாகப் பேசக் காசு வாங்கினாலும் அதை வீடியோவிலேயே சொல்லிவிட வேண்டும், அது விளம்பரம்.

நோட்டீசுக்குப் பதில் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இருந்தாலும் கொடுங்கள். நீங்களே வாட்ஸாப்பில் 'சாரி சார், தெரியாம பேசிட்டோம்' என்று அனுப்ப வேண்டாம், நாளை அதுதான் ஒப்புதல் வாக்குமூலம் என்று கோர்ட்டில் படிப்பார்கள். பதிலில் இருக்க வேண்டியது இதுதான்: கருப்புப் பண வரியை நல்லெண்ணத்தில் நீக்கிவிட்டோம், அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. மற்றவை ஆறாவது விதிவிலக்குக்குள் வரும் விமர்சனம். இழப்பீடு தர முடியாது. இதை ஒரு வக்கீல் மூலம் இரண்டு பக்கத்தில் முடித்துவிடலாம். செலவுக்கு வழியில்லை என்றால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100க்கு போன் செய்யுங்கள்.

நோட்டீசுக்கு ரிவ்யூ போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதி இழுவை, பழைய கதை, பிரிவு எண்களில் லாஜிக் ஓட்டை, மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு நல்ல திருப்பம். என் ரிவ்யூ இவ்வளவுதான். நீங்கள் போட வேண்டாம். பதில் போய்ச் சேரும்வரை இந்தப் படத்தைப் பற்றியோ நோட்டீசைப் பற்றியோ ஒரு வார்த்தையும் வேண்டாம், கமெண்டில்கூட.

வெள்ளிக்கிழமை வருகிற அடுத்த படத்துக்குத் தாராளமாகப் போங்கள். உள்ளே போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். ஏற்காட்டுக்காரர் தூங்கினால் எழுப்புங்கள்.