எழுத்து மாறாமல் புள்ளி மாறினால்: வாசகர் கேள்வி, மருந்தியலார் பதில்

இம்மாதம் நீலகிரியின் நான்கு ஊர்களிலிருந்து வந்த நான்கு கடிதங்கள் மரபணுவின் எழுத்தை மாற்றாமல் அதன் செயலை மட்டும் மாற்றும் மருந்துகள் என்னும் ஒரே பொருளைத் தொட்டுக் கேட்டிருப்பதால், மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. மைலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோம் என்னும் எலும்பு மஜ்ஜை நோய்க்காகக் கோவையில் மாதம் ஏழு நாள் அசாசைடிடின் ஊசி போடுகிறார்கள். இது மரபணுவையே மாற்றிவிடும் மருந்து என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. பிள்ளைகளாகிய எங்களுக்கும் பாதிப்பு வருமா? — வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 'க' என்னும் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் அதன் உயிரோசை அடங்கி 'க்' ஆகிவிடுகிறது. எழுத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது, ஒலிப்பு மட்டும் மாறுகிறது. டி.என்.ஏ.விலும் சைட்டோசின் என்னும் எழுத்தின் மேல் மெத்தில் என்னும் சிறிய வேதித்தொகுதி புள்ளிபோல் ஒட்டிக்கொள்வதுண்டு. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இப்புள்ளிகள் நெருக்கமாக ஏறினால் அந்த மரபணு பெரும்பாலும் பேச்சை நிறுத்திவிடும். கல்லீரல் செல்லும் தோல் செல்லும் ஒரே நூலை வைத்துக்கொண்டு வெவ்வேறு பாடம் படிப்பதற்கு இந்தப் புள்ளிகளும், டி.என்.ஏ. சுற்றிவைக்கப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேலுள்ள குறிகளும் காரணம். இத்துறைக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். அச்சொல்லை 1942இல் ஆக்கியவர் கான்ராட் வாடிங்டன். புற்றுநோய் செல்களில் இப்புள்ளிகள் இடம் தவறி, செல் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் காவல் மரபணுக்களின் மேல் ஏறிவிடுகின்றன.

அசாசைடிடின் சைட்டோசினைப் போலவே தோற்றம் காட்டி டி.என்.ஏ.வுக்குள் நுழைந்து, புள்ளி இடும் நொதியைச் சிக்கவைத்துவிடுகிறது. அதன்பின் செல் பிரியப் பிரியப் புள்ளிகள் குறைந்துகொண்டே வருகின்றன. இது 1964இல் பிராக் நகரில் தயாரிக்கப்பட்டு, தொடக்கத்தில் செல்லைக் கொல்லும் விஷமாகவே பெரிய அளவுகளில் கொடுக்கப்பட்டு, நோயாளிகளை மிகவும் வாட்டிய மருந்து. 1980இல் பீட்டர் ஜோன்ஸும் ஷர்லி டெய்லரும், இம்மருந்து பட்ட எலிக்கரு செல்கள் தசை செல்களாக மாறுவதற்கும் மெத்தில் புள்ளிகள் அழிவதற்கும் தொடர்பு உண்டென்று காட்டிய பிறகுதான் இதைச் சிறிய அளவில் கொடுத்துப் பார்க்கும் எண்ணம் வலுப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது 2004இல்.

கவலைக்கு இடமிருப்பது வேறோர் இடத்தில். ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியே இடாமல் எழுதிய பழைய சுவடிகளைப் படித்துப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இம்மருந்தும் தவறான புள்ளியை மட்டும் தேடி அழிப்பதில்லை. அடங்கியே இருக்க வேண்டிய இடத்துப் புள்ளிகளையும் சேர்த்தே துடைக்கிறது. மருந்து நின்றதும் செல் மறுபடியும் புள்ளியிடத் தொடங்கும் என்பதால்தான் மாதந்தோறும் ஊசி தொடர்கிறது. பலன் தெரியக் குறைந்தது நான்கு முதல் ஆறு சுற்றுகள் ஆகலாம். அதற்கு முன்னே இரத்த அணுக்களின் எண்ணிக்கை இன்னும் குறைந்து, மருந்தே கெடுதல் செய்கிறதோ என்று தோன்றும். அதைப் பார்த்து மிரண்டு நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

பிள்ளைகளுக்கு இதனால் எதுவும் வராது. நீங்கள் பிறந்தது மருந்துக்கு முன். தந்தையின் மஜ்ஜையில் நடப்பது உங்கள் உடலுக்கு வந்து சேர வழியில்லை. இதே மருந்தை எடுத்துக்கொள்ளும் இளவயதினர் மட்டும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். ஆண்களாயின் கடைசி ஊசிக்குப் பின்னும் மூன்று மாதம், பெண்களாயின் ஆறு மாதம்.

கோத்தகிரியில் இருப்பவர்கள் அஞ்ச வேண்டியது காய்ச்சலுக்கு. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால், மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றிரவே மருத்துவமனை சேர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவால் மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் மலைமேல் எந்த மருத்துவமனையில் காய்ச்சலுக்கான முதல் ஊசி போடுவது என்பதைக் கோவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கிரீன் டீயில் உள்ள சத்து எபிஜெனெடிக் கோளாறைச் சரிசெய்கிறது என்று கேள்விப்பட்டேன். மல்டிபிள் மைலோமா என்னும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் என் அம்மாவுக்கு அதன் சாற்றை மாத்திரையாக வாங்கிக் கொடுக்கலாமா? — வாசகர், குன்னூர்

பதில்: கொடுக்காதீர்கள். கிரீன் டீயிலுள்ள ஈ.ஜி.சி.ஜி. என்னும் பொருள் புள்ளியிடும் நொதியைத் தடுத்து, அடங்கிப்போன மரபணுக்களைப் பேசவைத்ததாக 2003இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. அது ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களில் நடந்தது; ஒரு கோப்பை குடித்தால் இரத்தத்தில் சேரும் அளவைப்போலப் பன்மடங்கு அங்கே ஊற்றப்பட்டது. (நம் ஊரில் பச்சைத் தேயிலை என்றால் பறித்த கொழுந்து, கிரீன் டீ என்பது கொழுந்தைச் சூடுகாட்டி நொதியை அடக்கியது. நீங்கள் அரைத்துப் புளிக்கவைக்கும் சி.டி.சி. தேயிலைத் தூளில் இப்பொருளின் பெரும்பகுதி வேறொன்றாக மாறிவிடுகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.)

மாத்திரையில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. மைலோமாவுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் போர்டிசோமிப் மருந்தோடு ஈ.ஜி.சி.ஜி. நேரடியாகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்வதை 2009இல் செல்களிலும் எலிகளிலும் கண்டார்கள். நோய்க்குத் துணை என்று கொடுப்பது நோயின் பக்கம் நின்றுவிடும். இரண்டாவது, நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.சி.ஜி.யை மாத்திரையாக எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதை 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுட்டிக்காட்டியது. அம்மா வழக்கமாகக் குடிக்கும் பால் டீ இருக்கட்டும். கிரீன் டீ குடிப்பவராயின் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மருந்தியல் படிக்கிறேன். ஒரு மருந்து மரபணுவில் பிழை உண்டாக்கவில்லை என்று சோதனையில் தெரிந்துவிட்டால், அது புற்றுநோயையோ பிறவிக் குறைபாட்டையோ உண்டாக்காது என்று கொள்ளலாமா? — மாணவர், உதகமண்டலம்

பதில்: கொள்ள முடியாது. புரூஸ் ஏம்ஸ் 1970களில் வகுத்த பாக்டீரியாச் சோதனை எழுத்துப்பிழையைக் கண்டுபிடிப்பது. புள்ளி மாறினால் அதற்குத் தெரியாது. பாக்டீரியாவுக்கு நம்முடையதைப் போன்ற ஹிஸ்டோன் ஏற்பாடே கிடையாது.

வால்புரோயிக் அமிலத்தைப் பாருங்கள். 1960களிலிருந்து வலிப்புக்குக் கொடுக்கப்பட்டுவரும் மருந்து. ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைல் குறியை நீக்கும் நொதியை அது தடுக்கிறது என்று தெரிந்ததோ 2001இல். கருவுற்ற காலத்தில் அதை உட்கொண்ட தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு காணப்படுகிறது. டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் இன்னும் கசப்பான கதை. கருச்சிதைவைத் தடுக்கும் என்று 1940களிலிருந்து கொடுத்தார்கள். பயனில்லை என்று 1953இல் ஆய்வு சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. 1971இல், அதை உட்கொண்ட தாய்மாரின் மகள்களுக்கு இளவயதிலேயே அரிதான பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவது வெளிப்பட்டது. பிறந்தவுடன் இதே மருந்து கொடுக்கப்பட்ட எலிகளின் கருப்பையில் சில மரபணுக்களின் மெத்தில் புள்ளிகள் நிலையாக மாறிவிட்டதைப் பின்னாளில் கண்டார்கள். மருந்து உடலை விட்டு நீங்கிப் பல ஆண்டு கழிந்தும் குறி மட்டும் தங்கிவிடுகிறது. பாதுகாப்புச் சோதனை செய்பவர்களைத் திணறவைப்பது இந்தக் கால இடைவெளிதான்.

புற்றுநோய் மருந்துகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. முற்றிய புற்றுநோய்க்கான மருந்துக்கு, அது பின்னாளில் வேறு புற்றுநோயை உண்டாக்குமா என்று விலங்குகளில் நெடுநாள் சோதித்து முடித்தாக வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல் கேட்பதில்லை. காத்திருக்க அந்த நோயாளிக்கு நேரமில்லை என்பதே காரணம். என் கணக்கில் அது நியாயமும்கூட. ஆனால் அதே மருந்தை இளவயதினருக்கோ நெடுங்கால நோய்க்கோ திருப்பிவிடும்போது அந்தச் சலுகையையும் கூடவே எடுத்துப்போக முடியாது. 2020இல் ஒப்புதல் பெற்ற டாசெமெட்டோஸ்டாட் என்னும் புற்றுநோய் மருந்து, ஹிஸ்டோனுக்கு மெத்தில் குறி இடும் நொதியைத் தடுப்பது. இரண்டாவது புற்றுநோய் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கையோடுதான் வெளிவந்தது.

கேள்வி: சுகாதாரப் பணியாளராக இருக்கிறேன். எங்கள் பகுதியில் பணியர் பழங்குடியினரின் குடியிருப்பில் 19 வயதுப் பெண்ணுக்கு அரிவாள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து வலி உண்டாக்கும் பரம்பரை நோய்). புற்றுநோய்க்குக் கொடுக்கும் அசாசைடிடின் இந்நோய்க்கும் உதவும் என்று படித்தேன். பிறகு ஏன் ஹைட்ராக்சியூரியாவையே கொடுக்கிறார்கள்? — வாசகி, கூடலூர்

பதில்: இந்தக் கேள்வி கூடலூரிலிருந்து வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இந்தியாவில் அரிவாள் செல் தன்மை இருப்பதை முதன்முதலில் அறிவித்த கட்டுரை, 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளின் இரத்தத்தை ஆராய்ந்து எழுதியது.

கருவிலிருக்கும் குழந்தைக்கு ஒரு வகை ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் அந்த மரபணு மெத்தில் புள்ளி ஏறி அடங்கிவிட, பெரியவர்களுக்குரிய வகை வந்துவிடுகிறது. அரிவாள் செல் நோயில் பிழை இருப்பது இந்த இரண்டாம் வகையில்தான். ஆகவே பழைய மரபணுவின் புள்ளியை அழித்து அதை மறுபடி பேசவைத்தால் என்ன என்று சிலர் நினைத்தார்கள். 1982இல் அசாசைடிடினை முதலில் பபூன் குரங்குகளிலும், பிறகு தாலசீமியா நோயாளி ஒருவரிடமும், தொடர்ந்து அரிவாள் செல் நோயாளிகளிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். கருவகை ஹீமோகுளோபின் உண்மையிலேயே உயர்ந்தது.

அப்படியும் அது நிலைக்கவில்லை. விலங்குகளில் அசாசைடிடின் கட்டிகளை உண்டாக்கியிருந்தது. மஜ்ஜை நோயுள்ள 68 வயதுப் பெரியவருக்கு, மருந்தால் பல ஆண்டு கழித்து வரக்கூடிய புற்றுநோய் என்பது தொலைவான கவலை. நோயோ இன்றைக்கே வாசலில் நிற்கிறது. தீவிர மைலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோமில் அசாசைடிடின் பெற்றோரின் இடைநிலை ஆயுட்காலம் 24.5 மாதம், வழக்கமான சிகிச்சை பெற்றோருக்கு 15 மாதம் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த வேறுபாட்டுக்காக அவர் ஆபத்தை ஏற்கலாம். உங்கள் பகுதிப் பெண்ணுக்கு 19 வயது. மருந்தை 30, 40 ஆண்டு எடுக்க வேண்டியிருக்கும். குழந்தை பெறவும் விரும்புவாள். மருந்தும் அளவும் ஒன்றாகவே இருந்தாலும் தராசின் மறுதட்டில் இருப்பது வேறு.

ஹைட்ராக்சியூரியாவும் புற்றுநோய் மருந்துதான். அதன்மீதும் இதே ஐயம் இருந்தது. 299 பெரியவர்களைக் கொண்ட ஆய்வு, வலி நெருக்கடிகள் ஆண்டுக்கு 4.5 என்பதிலிருந்து 2.5 ஆகக் குறைவதை 1995இல் காட்டியது. 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதன்பின் வந்த நீண்டகாலக் கண்காணிப்பில், அதை எடுத்த அரிவாள் செல் நோயாளிகளிடம் இரத்தப் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை. அசாசைடிடினின் உறவான டெசிடபினை மிகச் சிறிய அளவில், செல்லைக் கொல்லாமல் புள்ளியை மட்டும் அழிக்கும் விதத்தில் இந்நோய்க்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

அந்தப் பெண்ணிடம் நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. ஹைட்ராக்சியூரியா காப்சூலைத் தொடங்கியபின் குறித்த நாட்களில் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க அவளைத் தவறாமல் அழைத்துவர வேண்டும். கொழுந்து பறிக்கும் பருவத்தில் கூலி போய்விடும் என்று வராமல் இருப்பாள், எனவே நாளை அவளையே குறிக்கச் சொல்லுங்கள். திருமணப் பேச்சு எழுந்தால், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவளிடமும் அவள் தாயிடமும் இப்போதே பேசிவையுங்கள். எதிர்பாராத பக்கவிளைவு எது தெரிந்தாலும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம்; அதற்கு மருத்துவராக இருக்க வேண்டியதில்லை.