சளியோட முக்கிய புரதமான மியூசின்ல சிஸ்டீன்ங்கற அமினோ அமிலம் நிறைய இருக்கற பகுதிகள் எதுக்கு? ரத்தம் உறையற புரதத்துலயும் அதே பகுதிகள் ஏன் இருக்கு?

மியூசின்னாலே சர்க்கரை ஒட்டின புரதம்னுதான் பாடத்துல சொல்லிக் குடுப்பாங்க, நடுப்பகுதிக்கு அது சரிதான், செரீன், திரியோனின்ங்கற அமினோ அமிலங்கள் வரிசையா வரும், அதுமேல சர்க்கரை அடர்த்தியா ஏறி தண்ணிய புடிச்சு வச்சுக்கும். ஆனா சளி ஜெல்லா நிக்கறதுக்கு ரெண்டு முனையும் முக்கியம், சிஸ்டீன் பெரும்பாலும் குவிஞ்சு கிடக்கறது அங்கதான்.

குடல்ல இருக்கற மியூசின்-2வ எடுத்துக்கோங்க. வால் முனையில சிஸ்டைன் நாட்னு ஒரு சின்ன பகுதி இருக்கு, செல்லுக்குள்ள புரதம் உருவாகி மடியற எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குள்ளயே ரெண்டு மூலக்கூறு வாலோட வால் டைசல்ஃபைடு பிணைப்பு (ரெண்டு சிஸ்டீன் கந்தகம் வழியா சேர்றது) போட்டு ஜோடி சேந்துடும். அப்புறம் புரதத்த வெளிய அனுப்பத் தயார் பண்ற கோல்கி பக்கம் போனா அமிலத்தன்மை கூடும், கால்சியமும் இருக்கும், அப்போ தலைப்பக்கத்துல டி3ன்னு சொல்ற சிஸ்டீன் நிறைஞ்ச பகுதிகள் இதே பிணைப்பால இணைஞ்சு சங்கிலி நீண்டுட்டே போகும். வெளிய வந்ததும் பிஹெச் ஏறி கால்சியம் விலக, சுருட்டி வச்ச பாய் மாதிரி விரிஞ்சுடும்.

ரத்தம் உறைய உதவற வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர்ங்கற புரதமும் அச்சு அசலா இதே வழியிலதான் உருவாகுது, அதே டி பகுதிகள், அதே சிஸ்டைன் நாட், எனக்கு இதுல ரொம்ப புடிச்ச விஷயமே இதுதான். இந்த ஃபேக்டரோட டி3ல சில சிஸ்டீன் மாறிப்போனா நீளச் சங்கிலி சரியா உருவாகாது, ரத்தக்கசிவு நோய் வரும்.

இதுபோக மியூசின்ல சிஸ்-டின்னு சிஸ்டீன் நிறைஞ்ச இன்னொரு பகுதி இருக்கு, சுமார் 110 அமினோ அமிலம், அதுல 10 சிஸ்டீன். மியூசின்-2ல 2 தடவை வருது, மூச்சுக்குழாய்ல இருக்கற மியூசின்-5ஏசில 9.

கெட்டிச் சளிக்கு டாக்டர் எழுதற அசிட்டைல்சிஸ்டீன் உடைக்கறதும் இந்த டைசல்ஃபைடு பிணைப்பைத்தான்.